ஆறு கிலோ கருவி, எம்ஆர்டி பயணம்: ஒரு டிரைபாட் தேர்வு

என் தாய்மாமா ஓய்வு பெற்றபின் பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர். வீடு சிங்கப்பூரின் ஈசூனில். கார் கிடையாது. கையில் இருப்பது கேனன் 600 மி.மீ எஃப்/4 லென்ஸின் இரண்டாம் பதிப்பு, 1டி எக்ஸ் மார்க் 2 கேமரா, கூடவே குவியத் தூரத்தை 1.4 மடங்கு நீட்டும் எக்ஸ்டென்டர். எல்லாம் இன்னொருவர் பயன்படுத்திவிட்டு விற்றவை. பலரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய பிறகு இந்தத் தலைமுறை லென்ஸ்களின் விலை நன்றாக இறங்கிவிட்டது. மாமா நேரம் பார்த்து வாங்கினார்.

இதைத் தாங்க ஒரு டிரைபாட் வேண்டும். அது எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் சுங்கை பூலோ, பாசிர் ரிஸ், புக்கிட் தீமா என்று பறவை எடுக்கும் இடங்களுக்கெல்லாம் கூடவே வர வேண்டும். தேட ஆரம்பித்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. உறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருக்கிறார்கள். எளிதில் தூக்கிப் போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சின்ன லென்ஸ் வைத்திருக்கிறார்கள். மாமா நிலையில் இருப்பவர்களுக்கு நேரடியான பதில் கிடைக்கவில்லை. எனவே எங்கள் தேர்வு எப்படி நடந்தது என்று முழுதாக எழுதிவைக்கிறேன்.

எடைக் கணக்கு

லென்ஸ் 3.92 கிலோ. கேமரா பேட்டரியோடு 1.53 கிலோ. எக்ஸ்டென்டர் 225 கிராம். ஆக மொத்தம் 5.675 கிலோ. இதோடு ஹெட்டின், அதாவது லென்ஸைப் பிடித்துத் திருப்ப உதவும் டிரைபாடின் மேல்பகுதியின், எடையும் காலின் மேல்தான் வந்து உட்காரும்.

மாமாவிடம் முன்பே ஒரு டிரைபாட் இருந்தது. அலுமினியக் கால், ஒவ்வொன்றும் ஐந்து பகுதி, நடுவில் உயர்த்தும் தண்டு, மேலே பால் ஹெட், அதாவது பந்து மூட்டில் சுழலும் ஹெட். பெட்டியில் 12 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. உடையவும் இல்லை, விழவும் இல்லை. அந்த அளவில் பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் பால் ஹெட்டை எவ்வளவு இறுக்கினாலும் லென்ஸின் மூக்கு மெதுவாகக் கீழே சரியும். சரிவதற்கு இடம்விட்டு, பறவைக்குக் கொஞ்சம் மேலே குறிவைத்து இறுக்கும் பழக்கமே மாமாவுக்கு வந்துவிட்டது. கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் படத்தில்கூட இறகு கம்பளிபோல் குழைந்து வந்தது.

இதற்கு மாமா கண்ட தீர்வு, பழையது அலுமினியம் என்பதால் புதிதாகக் கார்பன் வாங்குவது. அதுவும் பைக்குள்ளேயே போய்விடும் பயண டிரைபாட். பீக் டிசைனின் கார்பன் மாடலைக் குறித்துவைத்திருந்தார். எடை 1.29 கிலோ, மடித்தால் 39.1 செ.மீ, தாங்கும் எடை 9.1 கிலோ. "ஒன்பது கிலோ தாங்கும்னு அவங்களே எழுதியிருக்காங்களே மாப்ள, நம்ம சாமான் ஆறுகூட இல்லையே" என்றார்.

மடிப்பைப் பொறுத்தவரை அது அருமையான வடிவமைப்பு. சின்ன கேமராவோடு ஊர் சுற்றுகிறவருக்கு நானே அதைச் சொல்வேன். ஆனால் மாமா பார்த்த எண் வேறு கேள்விக்கான பதில்.

தாங்கும் எடை என்பதை அளக்க எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை என்று எதுவும் புழக்கத்தில் இல்லை. ஒருவர் பூட்டு வழுக்கும் எடையைச் சொல்வார், இன்னொருவர் அதில் பாதியைப் பாதுகாப்புக்காகக் குறைத்துச் சொல்வார். எப்படிச் சொன்னாலும் அது உடையுமா, சரியுமா என்பதைப் பற்றியது. தொட்டால் எவ்வளவு ஆடும், ஆடியது எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதை அது சொல்லாது. நீள லென்ஸ்காரருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். கருவியின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும் கால் வாங்கு என்று அனுபவசாலிகள் சொல்வது, அந்த எண்ணை நம்பாமல் ஒதுங்கிப் போவதற்கான ஒரு வழி, அவ்வளவுதான்.

எவ்வளவு ஆட்டம் அதிகம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 600-க்கு 1.4 எக்ஸ்டென்டர் போட்டால் 840 மி.மீ. படச் சட்டத்தின் முழு அகலத்தில் தெரிவது இரண்டரைப் பாகைக்கும் குறைவு. அந்தக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6.6 மைக்ரோமீட்டர். 50 மீட்டர் தூரத்துப் பறவையில் ஒரு பிக்சல் என்பது 0.4 மி.மீ அளவு. லென்ஸின் நீளம் 45 செ.மீ-க்கு ஒட்டி வரும். அதன் ஒரு முனை மற்றதைவிட மூன்றரை மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இந்த அளவில் பார்த்தால் எந்த டிரைபாடும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். எது குறைவாக ஆடி, சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் விஷயம்.

பறக்கும் பறவையை 1/2000 நொடியில் எடுக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் காலை 7 மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. புக்கிட் தீமா காட்டுக்குள் 8 மணிக்கும் இருட்டு விலகியிருக்காது. அங்கே 840 மி.மீ-இல் எஃப்/5.6 வைத்து 1/60, 1/100 என்று எடுக்க வேண்டிவரும்போது காலின் தரம் படத்தில் தெரியும். மாமா இப்போது வீடியோவும் எடுக்கிறார். வீடியோவில் ஒளிந்துகொள்ளவே இடமில்லை, ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகும். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். உதவும். ஆனால் நீர்க்கரையில் ஒரு மணிநேரம் காத்திருக்கும்போது ஆறு கிலோவைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க அது உதவாது.

தடிமனும் நீளமும்

குழாயின் விறைப்பு அதன் விட்டத்தைப் பொறுத்து வேகமாக ஏறும். சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப. 22 மி.மீ குழாயைவிட 32 மி.மீ குழாய் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மேல் குழாயின் விட்டம். ஆட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கடைசிக் குழாய், அதாவது தரையைத் தொடும் மெல்லிய பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் விட்டம் 3, 4 மி.மீ குறைந்துகொண்டே வரும். 26 மி.மீ-இல் தொடங்கும் ஐந்து பகுதிக் காலின் கடைசிக் குழாய் 12 மி.மீ அளவுக்கு வந்துவிடும். 32-இல் தொடங்கும் நான்கு பகுதிக் காலுக்குக் கடைசியில் 21, 22 மி.மீ மிஞ்சும். இந்த இரண்டு கடைசிக் குழாய்களுக்கும் இடையில் விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். பொருள் அலுமினியமா கார்பனா என்பது இதற்கு அடுத்தபடிதான். கார்பன் எடை குறைவு, அதிர்வும் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். மெல்லிய கார்பன் குழாய் மெல்லியதுதான்.

நடுத்தண்டு இதைவிட மோசம். மூன்று கால் போட்டு உறுதிப்படுத்திய மேடையின்மேல் ஒற்றைக் கம்பியை நட்டு, அதன் உச்சியில் லென்ஸை வைக்கிறோம். ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பி நீளம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு வளையும். மாமாவின் பழைய டிரைபாடில் தண்டை ஏற்றாமல் கண் மட்டத்துக்கு வரவே வராது. ஆகவே நடுத்தண்டு இல்லாத கால்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

அப்புறம் எடைக்கு வருவோம். 1.3 கிலோ காலுக்கும் 2 கிலோ காலுக்கும் வித்தியாசம் 700 கிராம். மாமா ஒரு நாள் தூக்குவது என்ன? கருவி 5.7, கிம்பல் ஹெட் (லென்ஸை அதன் எடைமையத்தில் தொங்கவிடும் ஹெட்) 1.4, கால் 2, பெரிய லென்ஸ் நுழையும் முதுகுப்பை இரண்டரை. பதினொன்றரை கிலோவுக்குக் குறையாது, தண்ணீர் பாட்டில் தனி. அதில் 700 கிராம் மிச்சம் பிடிப்பது ஆறு சதவீதம்தான். அந்த ஆறு சதவீதத்துக்காக மற்ற ஏறக்குறைய பதினொரு கிலோவையும் வீணாகச் சுமப்பதா? என் கருத்தில், கனமான கருவிக்காரர் எடையைக் குறைக்க நினைத்தால் டிரைபாடில் கைவைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதே 600 எஃப்/4 லென்ஸின் மூன்றாம் பதிப்பு 3.05 கிலோதான். லென்ஸை மாற்றினால் ஒரே அடியில் 870 கிராம் குறையும். சோனியின் 200-600 லென்ஸ் 2.1 கிலோ, அதைக் கையில் பிடித்தே ஒரு காலைப் பொழுதை ஓட்டுபவர்கள் இங்கே நிறைய. டிரைபாடே வேண்டாம். இதை மாமாவிடம் சொன்னேன். "அதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லணும்" என்றார். சரி.

உண்மையில் ரயிலில் தொந்தரவு தருவது டிரைபாடின் எடையைவிட அதன் நீளம். முதுகுப்பையின் பக்கத்தில் கட்டிய டிரைபாட் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் கதவில் இடிக்கும், திரும்பும்போது பின்னால் நிற்பவர் முகத்தில் படும். மூன்று பகுதிக் கால்கள் விறைப்பில் மேல், ஆனால் மடித்தும் 60 செ.மீ-ஐத் தாண்டிவிடும். ஐந்து பகுதி குட்டையாக மடங்கும், கடைசிக் குழாய் மெலிந்துவிடும். நான்கு பகுதிதான் மாமாவுக்குச் சரியான இடம் என்று தோன்றியது. தடிமனில் விட்டுக்கொடுப்பதில்லை, மடிப்பு நீளத்தில் கொஞ்சம் பேரம் பேசலாம்.

உயரத்தில் வந்த சிக்கல்

இந்தப் பகுதியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாமாவின் கண் மட்டம் 157 செ.மீ. கிம்பல் ஹெட்டின் அச்சு அதன் அடியிலிருந்து 20 செ.மீ-க்கு மேல் இருக்கும். அப்படியானால் கால் 130, 135 செ.மீ உயரம் இருந்தால் போதும் என்றுதான் கணக்கு வருகிறது. சுங்கை பூலோவில் சேற்றுத் திட்டில் மேயும் உள்ளான்களைப் பார்க்க இது போதும். அங்கே லென்ஸ் எப்போதும் கிடைமட்டம் அல்லது கீழ்நோக்கி.

பாசிர் ரிஸ் பூங்காவில் இருவாச்சி உயரமான மரத்தில் உட்கார்ந்திருக்கும். லென்ஸை மேலே தூக்கினால் கேமரா கீழே போகும். அச்சிலிருந்து கண் வைக்கும் இடம் 30 செ.மீ பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 பாகை மேலே பார்க்கும்போது அது சுமார் 19 செ.மீ இறங்கிவிடும். முழங்கால் வலி உள்ள ஒருவர் பாதி மடங்கிய நிலையில் அரை மணிநேரம் நிற்க முடியாது. அதோடு சரிவான தரையில் ஒரு காலை மற்றவற்றைவிட நீட்ட வேண்டிவரும், அதற்கும் இருப்பு வேண்டும். ஆக, நடுத்தண்டு இல்லாமலே 145 செ.மீ அளவு என்று இலக்கு வைத்தோம். அதற்கு மேல் தேவையில்லாமல் உயரமாக வாங்கினால் மடிப்பு நீளம் கூடும். முழுக்க விரிக்காமல் பயன்படுத்தும்போது கடைசி மெல்லிய பகுதி கொஞ்சம் உள்ளேயே இருக்கும் என்பது உயரமான காலில் கிடைக்கும் உபரி லாபம்.

காட்டில் உயரத்தைப் பார்த்து எடுப்பது இங்கே வழக்கம். கடலோரத்திலும் திறந்த வயலிலும் எடுக்கும் வெளிநாட்டுக்காரர்களின் பரிந்துரையில் இந்தக் கணக்கு அநேகமாக இருப்பதில்லை.

ஹெட்டை முதலில் மாற்றினோம்

காலைத் தேடிக்கொண்டிருந்தபோதே ஒரு விம்பர்லி டபிள்யூஎச்-200 கிம்பல் பழையதாகக் கிடைத்தது. அதை வாங்கி அந்த ஐந்து பகுதி அலுமினியக் காலிலேயே பூட்டிப் பார்த்தோம். பாதிப் பிரச்சினை அன்றே போய்விட்டது. பால் ஹெட்டில் கனம் பந்துக்கு மேலே நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் விழப் பார்க்கும், அதைத் தடுப்பது இறுக்கம் மட்டுமே. கிம்பலில் லென்ஸ் தன் எடைமையத்தில் தொங்குகிறது. லென்ஸின் அடியில் உள்ள பிடிப்பாதத்தில் நீளமான ஆர்க்கா தகடு (ஹெட்டில் பொருந்தும் தகடு) போட்டு, முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அங்கேயே நிற்கும். எக்ஸ்டென்டரைப் போட்டாலோ கழற்றினாலோ எடைமையம் நகரும். அதனால் தகட்டின் ஓரத்தில் இரண்டு இடத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டார் மாமா.

கையில் காசு கொஞ்சம்தான், ஹெட்டா காலா என்று கேட்டால், இந்த லென்ஸுக்கு ஹெட்தான் முதலில் என்பேன். நிலக்காட்சி மட்டும் எடுப்பவருக்கு இது பொருந்தாது. கிம்பலை வைத்து அகன்ற கோண லென்ஸில் அடிவானத்தை நேராக்க முயல்வது வீண் வேலை.

சரிவது நின்றது, ஆடுவது நிற்கவில்லை. அது காலின் பங்கு.

கார்நிறுத்துமிட மாடியில்

கால்களை ஒப்பிட ஒரு எளிய வழி. கேமராவில் நேரலைத் திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் ஏதாவது எழுத்தைக் குவியப்படுத்தி, லென்ஸின் நுனியை விரலால் மெல்லத் தட்டி, எழுத்து ஆடி அடங்குவதைப் பார்க்க வேண்டும். எதிர் புளோக்கின் பக்கச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒரே எச்சரிக்கை: 600 மி.மீ லென்ஸை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைக்கூடத்தில் நிறுத்தி எதிர் வீடுகள் பக்கம் திருப்பினால் யாரும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போய், சன்னல் எதுவும் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அங்கே கற்றுக்கொண்டது ஒன்று. தளத்தில் ஒரு கார் ஏறினாலே திரையில் எண் நடுங்கியது. எவ்வளவு விலை உயர்ந்த காலானாலும் தரையின் அதிர்வை அப்படியே மேலே கடத்தும். கார்கள் அடங்கிய நேரம் பார்த்துத்தான் சோதிக்க முடிந்தது.

பழைய அலுமினியக் காலில் தண்டை ஏற்றிவைத்துத் தட்டியபோது எண் திரையை விட்டே வெளியே போய் வந்தது. தண்டை இறக்கியதும் ஆட்டத்தின் வீச்சு நன்றாகக் குறைந்தது, ஆனால் அடங்க நேரம் எடுத்தது. மாமாவோடு படம் எடுக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிய மூன்று பகுதிக் கார்பன் கால் எவ்வளவோ மேல். நடுத்தண்டு உள்ள மாடல் அது, தண்டை முழுக்க இறக்கித்தான் சோதித்தோம். ஆனால் மடித்த நீளம் மாமாவின் பைக்கு மேலே ஒரு முழம் நின்றது. காற்றிலும் ஒரு சோதனை நடந்தது, நாங்கள் ஏற்பாடு செய்யாமலே. 600 எஃப்/4-இன் வெளிவிட்டம் 168 மி.மீ, அதற்கு மேல் நீளமான ஹுட் (முன்னால் மாட்டும் வெயில்மறைப்பு). மாடிக் காற்றில் அது பாய்மரம்போல் வேலை செய்தது. ஹுட்டைக் கழற்றியதும் அடங்கியது.

யார் யார் களத்தில்

நாங்கள் பார்த்தவற்றில் மான்ஃப்ரோட்டோ 055 கார்பன் மூன்று பகுதி 2 கிலோ, தாங்கும் எடை 9 கிலோ என்று நிறுவனம் சொல்கிறது. நெம்புப் பூட்டு, நடுத்தண்டைக் கிடைமட்டமாகவும் சாய்க்கலாம். பூச்சி, பூ என்று நெருங்கி எடுப்பவருக்கு அந்தச் சாய்ப்பு வரப்பிரசாதம். மாமாவுக்கு வேண்டாத வசதி.

சீனாவின் லியோஃபோட்டோவில் 32, 36 மி.மீ வரிசைகளைப் பார்த்தோம். அவர்களுடைய மாடல் எண்ணைப் படிப்பது சுலபம். 324சி என்றால் மேல் குழாய் 32 மி.மீ, நான்கு பகுதி, கார்பன். 364 என்றால் 36 மி.மீ. புதிதாக வாங்குகிறவர் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கும். அமெரிக்காவின் ரியலி ரைட் ஸ்டஃப் கால்களைப் பற்றி நல்ல பேச்சு உண்டு. ஆனால் விலை, கப்பல் செலவு, அதற்குமேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி என்று சேர்ந்ததும் மாமா பக்கத்தை மூடிவிட்டார்.

கடைசியில் நின்றது சிட்ஸோ சிஸ்டமேட்டிக் மூன்றாம் வரிசை, நான்கு பகுதி, நீள வகை. உயரம் 145 செ.மீ-ஐ ஒட்டி, எடை 2 கிலோ அளவு, மடித்தால் 60 செ.மீ-க்குள். 25 கிலோ தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. நடுத்தண்டு கிடையாது, மேல்தட்டைக் கழற்றி மட்டம் பார்க்கும் தட்டை மாட்டலாம். புதிது ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அதை மாமா கேட்கவே இல்லை. பழையதாகவே தேடினோம். பெனின்சுலா பிளாசா பக்கம் பழைய கேமராக் கடைகளில் ஏறி இறங்கியபின், தனியார் ஒருவரிடம் கிடைத்தது. அத்தையிடம் சொன்ன விலையும் கொடுத்த விலையும் ஒன்றுதானா என்று நான் விசாரிக்கவில்லை.

பழைய காலை வாங்கும்போது பார்க்க வேண்டியவை புதிய காலில் கிடையாது. ஒவ்வொரு பூட்டையும் திறந்து, குழாயை முழுக்க இழுத்து, இறுக்கி, மேலிருந்து உடல் எடையால் அழுத்திப் பார்த்தோம். வழுக்கக் கூடாது. குழாயை வெளியே எடுத்து மறைமுனையில் மண், பழைய கிரீஸ் காய்ந்த கட்டி இருக்கிறதா என்று பார்த்தோம். கார்பன் குழாய் உலோக மூட்டோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும் இடம்தான் முக்கியம். ஒரு கையில் மூட்டையும் மறுகையில் குழாயையும் பிடித்து முறுக்கினால் அங்கே துளிகூட அசைவு இருக்கக் கூடாது. உப்புநீரில் நிறுத்திவிட்டு அலசாமல் வைத்த கால்களில் இந்த இடம்தான் போகும். கார்பனும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும். கால் விரியும் கோணத்தை நிறுத்தும் நாக்கும் தேயக்கூடியது. எங்களுக்கு வந்ததில் ரப்பர் பாதங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. மாற்று ரப்பர் வாங்கிப் போட்டோம்.

அதே மாடிக்கு, அதே சுவருக்கு எதிரே கொண்டுபோனோம். விரல் தட்டியதும் எண் துடித்து, ஒன்று இரண்டு சொல்லி முடிக்குமுன் நின்றது. மாமா திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே போனபோது

ரயிலுக்கு ஒரு ஏற்பாடு. கிம்பல் ஹெட் மடங்காது. காலில் பூட்டியபடியே கட்டினால் மொத்த நீளம் 80 செ.மீ ஆகிவிடும். அதனால் ஹெட்டைக் கழற்றிப் பைக்குள், காலைப் பையின் பக்கத்தில். இறங்கியபின் பூட்டிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேல்தட்டின் அடியில் உள்ள சின்னத் திருகுகளை மறக்காமல் முடுக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸை இடப்பக்கம் சுழற்றும்போது ஹெட்டே கழன்றுவரும். அந்தத் திருகுக்கான சாவி மாமாவின் வீட்டுச் சாவிக் கொத்தில் தொங்குகிறது. ஈசூனிலிருந்து கிராஞ்சி வரை ஒரே ரயில், அங்கிருந்து 925 பேருந்து. நெரிசல் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதால் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது.

சுங்கை பூலோவின் பாலத்தில் நின்று முதலையை எடுக்க முயன்றபோது கார்நிறுத்துமிடத்தில் பார்த்தது திரும்ப வந்தது. யாராவது நடந்து போனால் பாலம் அதிரும், ஓடிப் போனால் இன்னும் மோசம். கால்களைப் பலகையின் நடுவில் வைக்காமல் கீழே தூணோ குறுக்குச் சட்டமோ தாங்கும் இடத்துக்கு நேர்மேலே வைத்தால் கொஞ்சம் குறைகிறது. மற்றபடி ஆள் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதற்காக இன்னும் தடித்த கால் வாங்குவது பணத்துக்குக் கேடு.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் உள்ளான்களை எடுக்கும்போது மாமா கால்களை அகல விரித்து, தாழ்த்தி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். அந்த உயரத்தில் கடைசி இரண்டு பகுதிகளை நீட்டவே தேவையில்லை, கால் பாறைபோல் நிற்கிறது. பறவையின் கண் மட்டத்துக்கும் லென்ஸ் இறங்கிவிடுவதால் படமும் நன்றாக வருகிறது. சரிவில் நிறுத்தும்போது இரண்டு கால் பள்ளத்தின் பக்கம், ஒன்று மேட்டில். சமதரையில் ஒரு கால் எப்போதும் லென்ஸ் பார்க்கும் திசையில். எடை தொங்கவிடக் கொக்கி இருக்கிறது, ஆனால் காற்றில் ஊசலாடும் பை புதிய ஆட்டத்தைத் தரும். பையின் அடி தரையைத் தொட்டபடி இருக்குமாறு கட்டினால் மட்டுமே பயன்.

காற்று என்றதும் சுமத்திரா காற்றைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள், மேற்கிலிருந்து திடீரென்று சுழன்றடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். பறவைக்காரர்கள் வெளியே நிற்கும் நேரமும் அதுவே. காலின்மேல் ஏழு கிலோ நிற்கும்போது மொத்தமும் மேல்கனம். கொஞ்சம் தள்ளி நிழலில் நின்று தேநீர் குடிக்கலாம் என்று விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை மாமா நிறுத்திவிட்டார். மேற்கே கருத்தால் முதலில் லென்ஸைக் கழற்றுகிறார். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், இடி முழங்கும்போது திறந்தவெளியில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கடற்கரைக்குப் போய்வந்தால், பூட்டுகளைத் திறக்குமுன் மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மணல் ஒட்டிய காலைத் திறந்தால் மணல் பூட்டின் திருகு மரைக்குள் போய்விடும். அப்புறம் திறந்து, துடைத்து, நீட்டியபடியே காயவிடுவது. ஈரத்தோடு மடித்து உறையில் போட்டால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் உறையில்தான் முதலில் பூசணம் வரும்.

இன்னும் ஒரு தேவை மிச்சம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு போகும் வழியில் மூன்று காலை விரித்து வைக்க இடமும் இல்லை, வைப்பது மற்றவர்களுக்கு நல்லதும் இல்லை. பறவை பார்க்கும் மறைவிடங்களில் ஆள் நெருக்கியடித்து நிற்கும்போதும் இதே கதை. அதற்கு மாமா மோனோபாட் என்னும் ஒற்றைக்கால் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை மேல் குழாயை விட்டுவிட்டு, கடைசிக் குழாய் எத்தனை மி.மீ என்றுதான் கடைக்காரரிடம் முதலில் கேட்டார்.